ஊசியும் வேப்பிலையும்

புண்ணாற்றும் பழைய மருத்துவம் என்றதும் மஞ்சளும் வேப்பிலையும் குப்பைமேனியும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. மூலிகைகளைப் பட்டியலிட்டுவிட்டால் அந்த மருத்துவத்தையே மீட்டுவிட்டதாக நம்புகிறோம். சங்கப் பாடல்களோ வேறு ஒன்றைக் காட்டுகின்றன: இலை அங்கே பெரியதொரு பராமரிப்பின் பகுதி மட்டுமே. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், வீரர்களின் மார்புப் புண்ணைத் தைத்த நெடிய வெள்ளூசிக்கு, குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்தியை உவமை சொல்கிறார். புறநானூற்றின் 281ஆம் பாடலில், அரிசில்கிழார் காட்டும் பெண் வீட்டில் வேம்பும் இரவ இலையும் செருகி, வெண்சிறுகடுகு தூவி, நறும்புகை எழுப்பி, யாழிசையோடு புண்பட்டவனைக் காக்க முனைகிறாள். மார்பில் பட்ட விழுப்புண்ணின் தழும்பைப் பெருமையாகக் கொண்ட சமூகம் அது. வடுவை மறைப்பதல்ல, உயிரைக் காப்பதே அங்கு மருத்துவத்தின் வேலை.

கவிதை மருத்துவ நூலாகுமா என்று கேட்கலாம். ஆகாது, எந்த நூலால் தைத்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதைப் பாடலிலிருந்து கறக்க முடியாது. ஆனால் புண் தைப்பதை அறியாதவர்களிடம் அந்த உவமை எடுபட்டிருக்காது. கடுகும் புகையும் பேயை விரட்டும் சடங்குதானே என்பது இன்னும் வலுவான கேள்வி. உண்மைதான், பேய் தொடும் என்ற அச்சமே அவற்றின் வேர். ஆயினும் அதே அச்சம்தான் காயம்பட்டவனைத் தனியே விடாமல், அவனருகே ஒருவரை விழித்திருக்கச் செய்தது. காய்ச்சலையும் குருதிக் கசிவையும் உடனே கவனிக்க அதைவிட நல்ல ஏற்பாடு அன்று இருந்திருக்க முடியாது. வேம்புக்கும் மஞ்சளுக்கும் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் உண்டென்று இன்றைய ஆய்வகங்கள் சொல்கின்றன. ஆனால் ஆழ்ந்த காயத்தில் வரும் இரணஜன்னியை அவை தடுக்கமாட்டா.

இந்தப் பராமரிப்பு பின்னாளில் நிறுவனமாகவே வளர்ந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைக் குறிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பேணப் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர் என ஆட்களை வகுத்திருக்கிறார்கள். தைலங்களும் பழநெய்யும் உள்ளிட்ட மருந்துகளைச் சேமிப்பில் வைத்திருக்கிறார்கள். மூலிகை பறித்தவர் அங்கே எழுவரில் இருவர்தான். புண் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மற்ற ஐவரையும் சேர்த்தே எழுத வேண்டும்.