ஆவணமற்ற மாணவரும் உயர்கல்வியும்: ஐக்கிய அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குடியேறியோரால் அமைந்த நாடு என ஐக்கிய அமெரிக்கா தன்னைப் பற்றிக் கூறிக்கொள்வது நெடுங்கால வழக்கம். அக்கூற்றுக்குச் சான்றாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது நியூயோர்க் நகரக் கல்லூரியாகும். 1847இல் இலவசக் கழகம் என்னும் பெயருடன் தோற்றம்பெற்ற அக்கல்லூரியில் 1976இலேயே கட்டணம் விதிக்கப்பட்டது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வறியவராய் வந்திறங்கிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதன் வாயிலாகவே ஆசிரியராயும் மருத்துவராயும் அறிவியலாளராயும் உயர்ந்தனர். எனினும், அப்பழம்பெருமையைக் கொண்டு பிற்காலத்து நிலைமையை அளவிட முயல்வது தவறாகும். இடைக்காலத்தில் குடிவரவுச் சட்டமே மாறிவிட்டது. ஐரோப்பியரின் வருகைக்கு 1921, 1924 ஆம் ஆண்டுச் சட்டங்கள் எண்ணிக்கை வரம்பிட்டன. மெக்சிக்கோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளுக்கு அத்தகைய வரம்பு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் மெக்சிக்கத் தொழிலாளரை ஒப்பந்த அடிப்படையில் தருவிக்கும் திட்டமும் முடிவுற்றது. தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர் முன்போலவே தேவைப்பட்டனர். அவர்கள் முன்போலவே வந்தனர். ஆயின், நேற்றுவரை சட்டபூர்வமாயிருந்த வருகை இன்று சட்டவிரோதமாயிற்று. ‘ஆவணமற்றவர்’ என்னும் பிரிவினர் பெருகியமைக்கு அடிப்படைக் காரணம் இதுவேயாகும்.

இலங்கை வாசகர் இப்பிரிவினரை ‘நாடற்றவர்’ என்னும் சொல்லோடு இணைத்து நோக்குதல் பொருந்தாது. இவர்களுட் பெரும்பாலோர்க்குச் சட்டப்படி ஒரு நாடு உண்டு. ஆனால் அந்நாடு அவர்கள் கைக்குழந்தைகளாய் இருந்தபோது நீங்கிய நாடு. வளர்ந்ததும் கற்றதும் வேறொரு நாட்டில்.

ரெக்சாஸ் மாநிலம் 1975இல் தனது கல்விச் சட்டத்தைத் திருத்தி, ஆவணமற்ற பிள்ளைகளின் கல்விக்கென மாநில நிதி வழங்கப்படாது என விதித்தது. அவர்களைச் சேர்க்க மறுக்கும் அதிகாரமும் பாடசாலை மாவட்டங்களுக்கு அளிக்கப்பட்டது. ரோஜாச் செய்கைக்குப் பெயர்பெற்ற ரைலர் என்னும் நகரின் பாடசாலை மாவட்டம், அத்தகைய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டொலர் கட்டணம் செலுத்தப்படவேண்டும் என 1977இல் அறிவித்தது. தோட்டக்கூலி பெறுவோர் அத்தொகையை எங்ஙனம் தேடுவர்? பிள்ளைகள் வீட்டில் நின்றனர்.

அவர்களுக்காக வழக்குத் தொடுக்க முன்வந்தது மெக்சிக்க அமெரிக்கர் சட்டப் பாதுகாப்பு மற்றும் கல்வி நிதியம் என்னும் தொண்டு நிறுவனமாகும். 1968இல் சான் அன்ரோனியோ நகரில், போர்ட் அறநிதியம் வழங்கிய 22 இலட்சம் டொலரைக் கொண்டு அது தொடங்கப்பெற்றது. நான்கு குடும்பங்கள் வழக்காளிகளாக நிற்க இசைந்தன. நீதிமன்றத்துக்குச் செல்வதே தம்மைக் காட்டிக்கொடுப்பதாக முடியலாம் என்பதை அவை அறிந்திருந்தன. ஆகவே மாவட்ட நீதிபதி வில்லியம் வேய்ன் ஜஸ்ரிஸ், பிறர் கண்படா வண்ணம், பொழுது நன்கு புலருமுன்னரே விசாரணையை வைத்தார். நாடு கடத்தப்படின் உடன் கொண்டுசெல்லும் பொருட்டுத் தம் உடைமைகளை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டே அக்குடும்பத்தார் அங்கு வந்தனர். இந்நீதிபதி கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஒரே பாடசாலையில் அமர்த்துமாறு முன்னர் ஆணையிட்டு, அப்பகுதியாரின் வெறுப்பைத் தேடிக்கொண்டவர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1982 ஜூன் 15ஆம் திகதி, ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், பிள்ளைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கப்பட்டது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் வில்லியம் பிறெனன், அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் குடிமக்களை மட்டுமன்றி மாநிலத்தின் ஆளுகைக்குட்பட்ட ஆட்கள் எவரையும் காக்கின்றது என்றும், பெற்றோர் செய்த செயலுக்காகப் பிள்ளைகளைத் தண்டித்தல் நீதியன்று என்றும் கண்டார். மறுத்து எழுதிய பிரதம நீதியரசர் பேர்கர்கூட, பிள்ளைகளைக் கல்வியின்றி விடுதல் அறிவுடைய கொள்கையன்று என ஒப்புக்கொண்டார். அதனைத் திருத்துவது சட்டசபையின் கடமையேயன்றி நீதிமன்றத்தின் கடமையன்று என்பதே அவர் கட்சி.

வரலாற்றாசிரியர் பலர் இத்தீர்ப்பைப் பெருவெற்றியாகப் போற்றுவர். அது வெற்றியே. ஆயினும் பின்வந்த சிக்கலின் வித்தும் அதனுள்ளேயே இருந்தது எனல் வேண்டும். கல்வி அடிப்படை உரிமை என அத்தீர்ப்பு கூறவில்லை. பிள்ளை குற்றமற்றது என்றே கூறிற்று. குற்றமின்மையை அடிப்படையாகக் கொண்ட வாதம் பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடும் தன்மையது. பதினெட்டு வயது நிரம்பிய நாளில் அதே பிள்ளை சட்டத்தின் பார்வையில் தன் இருப்புக்குத் தானே பொறுப்பாகின்றது. பாடசாலைக் கதவு திறந்தது. பல்கலைக்கழகக் கதவு பற்றி எதுவும் சொல்லப்படவில்லை.

இவ்விடத்தில் கட்டணமுறை பற்றிச் சிறிது விளக்குதல் அவசியம். இலவசக் கல்விக்குப் பழகிய நாட்டில் இதன் கொடுமை எளிதிற் புலப்படாது. ஐக்கிய அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் அம்மாநிலத்தில் வதிவோரிடம் குறைந்த கட்டணமும், வெளியாரிடம் பெரும்பாலும் அதன் இரு மடங்கோ மூன்று மடங்கோ பெறுகின்றன. ஆவணமற்ற மாணவர், தாம் பிறந்தது முதல் அயலில் வாழ்ந்தவரோடு ஒரே வகுப்பில் இருந்து கற்றிருப்பினும், வெளியாராகவே கணிக்கப்பட்டனர். சமஷ்டி அரசின் கல்வி உதவிப்பணமும் கடனும் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவுரிமை பெற்றோர் முதலியோருக்கும் மட்டுமே உரியன. கலிபோர்ணியாவில் 1985இல் ஒரு நீதிமன்றம் இம்மாணவரை வதிவோராகக் கொள்ளலாம் என்றது. 1990இல் கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தைப் பொறுத்தவரை வேறொரு தீர்ப்பு அதனை நீக்கிற்று. 1996ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம், வதிவை அடிப்படையாகக் கொண்டு ஆவணமற்றோர்க்கு அளிக்கப்படும் உயர்கல்விச் சலுகை எதுவும் எல்லாக் குடிமக்களுக்கும் கிடைக்காதவிடத்துச் செல்லாது என விதித்தது.

சட்டவாக்கத்தில் நுண்மதி எவ்வாறு தொழிற்படும் என்பதற்கு அடுத்து நிகழ்ந்தது நல்ல எடுத்துக்காட்டு. 2001இல் ரெக்சாசும் தொடர்ந்து கலிபோர்ணியாவும் இயற்றிய சட்டங்களுள், பின்னையது வதிவு என்னும் சொல்லையே தவிர்த்தது. அம்மாநிலத்தின் உயர்தரப் பாடசாலையில் மூன்று ஆண்டுகள் கற்றுத் தேறியவர் எவரும், அவர் எங்கு வாழினும், குறைந்த கட்டணத்துக்கு உரியவர் என்றது. இதனால் பிற மாநிலங்களுக்குச் சென்றுவிட்ட அமெரிக்கக் குடிமக்களும் பயன் பெற்றனர். கலிபோர்ணியப் பல்கலைக்கழகத்தில் இச்சலுகையைப் பெற்றோருட் பெரும்பகுதியினர் ஆவணம் உடையவர்களே! 2010இல் மாநில உயர் நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

கட்டணம் குறைந்ததாயினும் அதனைக் கட்டுதற்கும் பணம் வேண்டும். கலிபோர்ணியா தன் உதவிப்பணத்தை இம்மாணவர்க்குத் திறந்துவிட்டது 2011இல் இயற்றப்பட்ட சட்டங்களின் மூலமே. இடைப்பட்ட பத்தாண்டுகள் தொண்டு நிறுவனங்களின் காலம் எனலாம். சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் ஆசிரியர் சிலர் கூடி 2006இல் அமைத்த நிறுவனம் செய்த பணிகளுள் எளியதும் பயன் மிக்கதும் ஒரு பட்டியலாகும். குடியுரிமைச் சான்று கேட்காத புலமைப்பரிசில்கள் எவையென அது தேடித் தொகுத்து வெளியிட்டது. விண்ணப்பப் படிவத்தில் சமூகப் பாதுகாப்பு இலக்கம் கேட்கும் இடத்தை எங்ஙனம் நிரப்புவது என அறியாமல் விண்ணப்பிப்பதையே கைவிட்ட மாணவர்க்கு இத்தகைய பட்டியலின் அருமை தெரியும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 65,000 ஆவணமற்ற மாணவர் பாடசாலைக் கல்வியை முடிக்கின்றனர் என அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது.

வெற்றிடமாய் விடப்பட்ட அந்த இலக்கமே தேசிய அரசியலிலும் இடம்பெற்றது. சிக்காகோவில் வறிய பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் இலாபநோக்கற்ற பள்ளியொன்றில் பியானோ பயின்ற கொரியக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, கல்லூரி விண்ணப்பத்தில் அவ்விடத்தை நிரப்பாது விட்டாள். காரணத்தை அறிந்த ஆசிரியை செனற்றர் டிக் டேர்பினின் அலுவலகத்தை நாடினார். டேர்பினும் ஒறின் ஹட்சும் 2001 ஆகஸ்டில் சமர்ப்பித்த மசோதாவுக்கு இந்நிகழ்ச்சி தூண்டுகோலாயிற்று. அம்மசோதா பற்றிய செனற் விசாரணை 2001 செப்ரெம்பர் 12ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. முந்திய நாள் நிகழ்ந்ததை உலகறியும். அதன்பின் அது பலமுறை வந்து பலமுறை தோற்றது. 2010 டிசெம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும், செனற்றில் வேண்டிய 60 வாக்குகளுக்குப் பதிலாக 55 மட்டுமே பெற்று வீழ்ந்தது.

ஜோர்ஜியா மாநிலத்து வரலாறு இவற்றினும் சிறப்பாக ஆராயத்தக்கது. அங்கு ஆவணமற்ற மாணவர் மொத்த மாணவரில் ஒரு சதவீதத்திலும் மிகக் குறைந்தோரே. அவ்வாறிருந்தும், தகுதியுடைய விண்ணப்பதாரர் எல்லோருக்கும் இடமளிக்க இயலாத ஐந்து உயர் நிறுவனங்களில் அவர்கள் சேர்தலாகாது எனப் பல்கலைக்கழக ஆளுநர் சபை 2010இல் முடிவுசெய்தது. ஐந்தனுள் ஒன்று அதென்ஸ் நகரிலுள்ள ஜோர்ஜியாப் பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர் இருவர் நீதிமன்ற ஆணையின் பலத்தால் முதன்முதலாக அதனுட் புகுந்தது 1961 ஜனவரியில். ஐம்பது ஆண்டு நிறைவும் புதிய தடையும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன.

அப்பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நால்வர், மாணவரோடும் உள்ளூர்ச் செயற்பாட்டாளரோடும் கலந்து, 2011இல் சுதந்திரப் பல்கலைக்கழகம் என்னும் ஒன்றைத் தொடங்கினர். பெயர் 1964இல் மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடத்தப்பெற்ற சுதந்திரப் பள்ளிகளை நினைவூட்டுவது. அதற்குக் கட்டடம் இல்லை, பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை, ஊதியமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புகள் நடைபெற்றன. நடைபெறும் இடம் வெளியார்க்கு அறிவிக்கப்படவில்லை. ஆவணமற்றோர்க்கு சாரதி அனுமதிப்பத்திரம் கிடையாதாகையால், மாணவரை வீட்டிலிருந்து அழைத்துவந்து மீண்டும் கொண்டு சேர்ப்பதற்கெனத் தொண்டர் வண்டியோட்டினர். நூலும் விரிவுரையும் மட்டுமன்றி வண்டியும் கல்விச் சாதனமே என்பதைப் பல்கலைக்கழக வரலாறுகள் எழுதுவோர் பொதுவாக மறந்துவிடுகின்றனர். வேறு மாநிலங்களின் தனியார் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கவும் புலமைப்பரிசில் பெறவும் மாணவர்க்கு அங்கு வழிகாட்டப்பட்டது. முழு உதவி பெற்றுச் சென்றவரும் உளர். பின்னர் அது அத்லாந்தாவுக்கு இடம்பெயர்ந்தது.

இம்முயற்சியைப் பிற தொண்டுகளிலிருந்து வேறுபடுத்துவது அதன் நோக்காகும். தன் இருப்பே தேவையற்றதாக வேண்டும் என அது கருதிற்று. 2015 ஜனவரியில், கறுப்பின மாணவர் உட்பிரவேசித்த ஆண்டுநிறைவு நாளில், அதன் மாணவரும் ஆதரவாளரும் ஜோர்ஜியாப் பல்கலைக்கழக வகுப்பறை ஒன்றில் அமர்ந்து பாடம் நடத்தினர். வெளியேற மறுத்தோர் கைதுசெய்யப்பட்டனர்.

1982 தீர்ப்பின் முப்பதாண்டு நிறைவு நாளான 2012 ஜூன் 15ஆம் திகதி, ஜனாதிபதி ஒபாமா, சிறுவயதில் வந்தோரை நாடுகடத்தாது ஈராண்டுகளுக்கு ஒருமுறை தொழில் அனுமதி வழங்கும் திட்டத்தை அறிவித்தார். காலப்போக்கில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் அதனைப் பெற்றனர். இத்திட்டம் தொண்டு நிறுவனங்களின் கணக்கையே மாற்றிற்று. பட்டம் பெற்றவர் தொழில் செய்யலாம் என்ற நிலையில் பெருஞ்செல்வர் முதலிட அஞ்சவில்லை. வாஷிங்ரன் போஸ்ற் பத்திரிகையை 2013இல் விற்ற டொனால்ட் கிறஹாம், வேறு சிலரோடு சேர்ந்து 2014இல் இம்மாணவர்க்கெனப் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றை நிறுவினார். அதே பத்திரிகையை வாங்கிய ஜெவ் பெசோஸ் 2018இல் அதற்கு 3 கோடி 30 இலட்சம் டொலர் அளித்தார். ஆயிரம் மாணவருக்கு ஆளுக்கு 33,000 டொலர் என்பது கணக்கு. அவர் தந்தையார் 1962இல் பதினாறு வயதில் கியூபாவிலிருந்து தனியே வந்தவர்.

அந்நிதியம் கல்லூரியிற் சேர்ப்பதோடு அமையாமல் முடிப்பதிலும் கருத்தூன்றியது. கட்டணம் குறைந்தனவும் மாணவரைப் பட்டம் வரை கொண்டுசெல்வனவுமான கல்லூரிகளையே அது தேர்ந்தது. ஒவ்வொன்றிலும் இம்மாணவரைக் கவனிக்க ஓர் ஆலோசகர் இருத்தல் வேண்டும் எனக் கேட்டது. படிப்பிடையே விலகுவோர்க்குப் பாடம் கடினமாதல் அரிதாகவே காரணமாகும். தந்தை வேலையிழத்தல், தம்பி தங்கையரைப் பார்க்கவேண்டியிருத்தல், இரவு வேலை, போக்குவரத்து என்பனவே காரணங்கள். மாநிலக் கல்லூரிகள் மூடப்பட்டிருந்த ஜோர்ஜியா போன்ற இடங்களைச் சேர்ந்தவரை, டெலவெயர் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் கிழக்குக் கனெற்றிகட் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் 2016 முதல் அது அனுப்பிவைத்தது. முன்னையது கறுப்பின மக்களுக்கென 1891இல் நிறுவப்பட்டது என்பது கவனித்தற்குரியது.

இப்பணிகளைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. எனினும், 1982இல் நீதிமன்றத்தில் வென்ற ‘குற்றமற்ற பிள்ளை’ நன்கொடை உலகிலும் வாழ்ந்தது. உயர்ந்த புள்ளி பெற்றவர், பெற்றோரின் செயலுக்குப் பொறுப்பற்றவர் என்றே நிதி திரட்டப்பட்டது. பெற்றோர் குற்றவாளிகள் என்பது அதன் மறுபக்கம். இப்படிமத்தை முதலில் மறுத்தவர்கள் அறிஞரல்லர்; தம் தாய் தந்தையரைப் பலியிட்டுத் தமக்கு வாழ்வு வேண்டாம் எனக் கூறிய மாணவரே. நடுத்தரப் புள்ளி பெற்ற மாணவருக்கு எந்த நிதியம் உண்டு என்ற வினாவும் அவர்களுடையதே.

2017இல் ஒபாமாவின் திட்டத்தை நீக்க எடுத்த முயற்சியை உயர் நீதிமன்றம் 2020இல் தடுத்தது. ஆயினும், 2021இல் ரெக்சாஸ் நீதிமன்றமொன்றின் ஆணையால் புதிய விண்ணப்பங்களுக்கு அங்கீகாரம் வழங்குதல் நின்றது. 2012இல் குழந்தைகளாயிருந்தோர் பாடசாலையை முடித்து வந்தபோது அவர்களுக்கு அது எட்டவில்லை. 2025இல் புளோரிடா தனது 2014ஆம் ஆண்டுக் கட்டணச் சலுகையை நீக்கிற்று. அதே ஆண்டு ஜூன் 4ஆம் திகதி, சமஷ்டி நீதித் திணைக்களம் ரெக்சாசின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. மாநிலம் எதிர்வாதம் செய்யாது இசைந்தது. அன்றைய தினமே அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த மாணவர் எவரும் அந்நீதிமன்றத்தில் கேட்கப்படவில்லை.

சில நாட்களின் பின், மாணவர் சார்பில் வழக்கில் தலையிட அனுமதி கோரி ஒரு மனு தாக்கல் செய்யப்பட்டது. அதனைத் தாக்கல் செய்தது, 1977இல் ரைலர் நகரப் பிள்ளைகளுக்காக வழக்காடிய அதே நிதியமாகும்.