சொல் இருக்கிறது, மெட்டு எங்கே? மலையகப் பாடல்களும் கொமித்தாஸ் விட்டுச்சென்ற பாடமும்

மலையக மக்களின் பாடல்களைப் பற்றிப் பேசும்போது முதலில் வரும் பெயர் சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984). மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர் தொழிற்சங்கவாதி. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். ஆங்கிலத்தில் கவிதையும் தமிழில் நாவலும் எழுதியவர். தோட்ட மக்கள் பாடியவற்றை அவர் தேடிச் சேர்த்த தொகுப்பு ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக வந்தது. அது இல்லாவிட்டால் பல பாடல்களின் சொற்கள்கூட நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அந்தப் பாடல்களில் எத்தனையை இன்று நம்மால் பாட முடியும்?

பாதையோடு வந்த பாட்டு

நான் இதை இரத்தோட்டையிலிருந்து எழுதுகிறேன். மாத்தளை நகரைத் தாண்டி நக்கிள்ஸ் மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் உள்ள ஊர் இது. தலைமன்னாரில் இறங்கிக் காடு வழியே நடந்துவந்த முன்னோர்களுக்கு மாத்தளையே மலைநாட்டின் வாசல். மலையகம் 200ஐ ஒட்டி 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணமும் ஓகஸ்ட் 12இல் மாத்தளையில்தான் முடிந்தது.

அவர்கள் கொண்டுவந்த தாலாட்டும் தெம்மாங்கும் கும்மியும் ஒப்பாரியும் இங்கே மாறின. துரை, கங்காணி, பெரட்டு, கொழுந்து, கண்டிச்சீமை என்ற சொற்கள் பாட்டுக்குள் புகுந்தன. மாசி மாதத்தில் காமன் கூத்து, அதற்குத் தப்பு என்று ஒரு முழு உலகம் லயத்து வாசலில் உருவானது.

சிதறிய பாடகர்கள்

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தது. போனவர்களில் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டனர். 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு வேறு பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அந்தக் குடும்பங்களில் பல 2009 வரை வன்னிப் போரின் ஒவ்வோர் இடப்பெயர்வையும் கண்டவை.

ஆகவே மலையகப் பாடல் மலையகத்தில் மட்டும் இல்லை. தோட்டம், வன்னி, தமிழ்நாடு என மூன்று இடங்களில் துண்டுதுண்டாகக் கிடக்கிறது.

ஆர்மேனியாவில் நடந்தது

இதே நிலையைச் சந்தித்த இன்னொரு மக்கள் ஆர்மேனியர். அவர்களுடைய கொமித்தாஸ் பிறந்தது 1869இல். இலங்கையில் கோப்பிச் செடியில் இலை நோய் கண்டறியப்பட்ட அதே ஆண்டு. ஒட்டோமான் பேரரசின் குத்தாகியா நகரில் துருக்கி மொழி பேசி வளர்ந்த அநாதைச் சிறுவன் அவர். 1881இல் எச்மியாட்சின் மடத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது ஆர்மேனிய மொழி பேசத் தெரியாது, பாட மட்டும் தெரியும்.

பின்னர் துறவியாகி பேர்லினில் இசை கற்ற அவர், கிராமம் கிராமமாகப் போய் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் குறித்துவைத்ததாகச் சொல்லப்படுகிறது. சொல்லை மட்டும் அவர் எழுதவில்லை. மெட்டையும் எழுதினார். லோரிப் பகுதி உழவுப் பாட்டை ஆராய்ந்தபோது உழவர் மாட்டை அதட்டும் குரலையும் சேர்த்தே பதிந்தார். வேலையிலிருந்து பிரித்தால் பாட்டுக்குப் பொருள் குறைந்துவிடும் என்பது அவர் எண்ணம். அதே பாடல்களைச் சேர்ந்திசையாக்கி, கொன்ஸ்தாந்திநோபிளில் 300 பேர் கொண்ட ‘குசான்’ பாடகர் குழுவைக் கொண்டு மேடையேற்றினார்.

1915 ஏப்ரல் 24இல் ஆர்மேனிய அறிவாளர்களுடன் அவரும் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். உயிருடன் திரும்பினார், ஆனால் மனம் மீளவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1935இல் பரிஸ் அருகே ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். அவர் சேகரித்தவற்றில் எஞ்சியவை சுமார் 1,200 பாடல்களே.

எஞ்சியவை உயிரோடிருக்கக் காரணம் அவருடைய மாணவர்கள். பர்செக் கனாச்சியான் பெய்ரூட்டில் குழு அமைத்துப் பாடவைத்தார். மிஹ்ரான் துமாஜான் அமெரிக்காவில் தஞ்சமடைந்த ஆர்மேனியர்களிடம் போய், இழந்த ஊர்களின் பாடல்களைக் கேட்டு எழுதினார். 1960இலிருந்து ரொபர்ட் அத்தாயான் முழுத்தொகுப்பைப் பதிப்பிக்கத் தொடங்கினார். 2015இல் யெரெவானில் கொமித்தாஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஏடு ஒரு பக்கம், தொண்டை ஒரு பக்கம். இரண்டும் இருந்ததால்தான் அந்த இசை தப்பியது.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டார் பாடல் நூல்களில் பெரும்பாலானவற்றில் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. மெட்டு பாட்டிமார்களின் நினைவில் இருக்கிறது. அதைப் பதிய இன்று கைப்பேசியே போதும். ஆனால் சில ஒழுங்குகள் வேண்டும்.

முதலாவது, பாட்டோடு அதன் கதையையும் பதியுங்கள்: பாடுபவர் யார், யாரிடம் கற்றார், எந்தத் தோட்டம், எந்த வேலையின்போது பாடியது. வன்னியில் பாடுபவரிடம் அவர் குடும்பம் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். ஒரே பாட்டு இரண்டு விதமாகக் கிடைத்தால் இரண்டையும் வையுங்கள், ‘திருத்த’ வேண்டாம்.

இரண்டாவது, ஒப்பாரி. சாவில்லாத வீட்டில் அதைப் பாடக்கூடாது என்று நம்புவோர் உண்டு. போரில் பிள்ளையை இழந்த தாய்க்கு அது கலையும் அல்ல, சொந்தத் துயரம். அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதோடு நிறுத்துங்கள். பாடியவர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள்.

மூன்றாவது, தப்பு. அதை அடிப்பவர் மீது சாதி இழிவு சுமத்தப்பட்டதால்தான் பல இளைஞர் அதைத் தொட மறுக்கிறார்கள். மேடையில் தப்பைக் கொண்டாடிவிட்டு, அடிப்பவரைக் கீழே வைத்தால் அந்தக் கலை அடுத்த தலைமுறைக்குப் போகாது.

நான்காவது, பதிவை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குடும்பத்திடம் ஒரு பிரதி, பாடசாலையில் ஒன்று, 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம ஆவணகம் போன்ற ஓர் இடத்தில் ஒன்று என வையுங்கள்.

கடைசியாக, பாடுங்கள். பாடசாலைத் தமிழ்த்தின விழாவிலும் கோயில் திருவிழாவிலும் ஒரு கொழுந்துப் பாட்டுக்கு இடம் கொடுக்கலாம். கிளிநொச்சிப் பிள்ளை ஒன்றும் இரத்தோட்டைப் பிள்ளை ஒன்றும் ஒரே தாலாட்டைத் தத்தம் மெட்டில் பாடினால், பாதி மறந்த பாட்டின் மறுபாதி அங்கேயே கிடைக்கக்கூடும்.