ஆராய்ச்சிச் செலவும் அதன் பயனும்: சர்வதேச அளவீட்டின் வரலாறு

பொதுப்பணம் எவ்வழியிற் செலவிடப்படினும் அதனால் விளைந்த பயன் யாது என்ற வினா எழுதல் இயல்பே. வீதியின் பயனையும் அணைக்கட்டின் பயனையும் கண்ணாற் காணலாம். ஆராய்ச்சியின் பயனோ காலத்தாற் பிந்தியும், செலவிட்ட நாட்டின் எல்லையைக் கடந்தும், எதிர்பாராத துறையிலும் தோன்றுவது. ஆதலின் அதனை அளவிடும் பணி தனியொரு நாட்டின் முயற்சியாக நில்லாது, பல நாடுகளின் கூட்டு முயற்சியாக வளர்ந்தது. செலவை எண்ணும் முறையில் நாடுகள் விரைவில் உடன்பட்டன. பயனை எண்ணும் முறையிலோ அத்தகைய உடன்பாடு எளிதில் வாய்க்கவில்லை. இவ்வேறுபாட்டின் காரணம் ஆராயத்தக்கது.

1939இல் பிரித்தானிய விஞ்ஞானியான ஜே. டி. பேர்ணல், விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றிய தமது நூலில், தம் நாட்டின் ஆராய்ச்சிச் செலவை மதிப்பிட்டு ஐக்கிய அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றின் செலவோடு ஒப்பிட முயன்றார். பொது வரைவிலக்கணம் எதுவும் அன்று இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 யூலையில், வனிவர் புஷ் அமெரிக்க சனாதிபதிக்கு அளித்த அறிக்கை, அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு உதவின் உடல்நலமும் செல்வமும் பாதுகாப்பும் காலப்போக்கில் விளையும் என வாதிட்டது. 1950இல் அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம் தோன்றியது. பயன் விளையும் என்ற நம்பிக்கை இருந்ததேயன்றி, விளைந்ததை அளக்கும் கோல் இருக்கவில்லை.

1961இல் அமைக்கப்பட்ட பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம், 1963 யூனில், றோம் நகருக்கு அண்மையிலுள்ள பிராஸ்காற்றி என்னும் ஊரில் உறுப்பு நாடுகளின் நிபுணர்களைக் கூட்டியது. கிறிஸ்தோபர் பிறீமன் வரைந்த ஆவணமே அங்கு ஆராயப்பட்டது. அதிலிருந்து பிறந்த பிராஸ்காற்றிக் கைநூல், ஆராய்ச்சியை அடிப்படை ஆராய்ச்சி, பிரயோக ஆராய்ச்சி, பரிசோதனை அபிவிருத்தி என மூவகைப்படுத்திற்று. அது எண்ணியவை இரண்டே: பணமும் ஆளணியும். பயனை அளத்தல் அதன் நோக்கமன்று. உடன்படக்கூடியவற்றோடு தன்னை நிறுத்திக்கொண்டமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் எனலாம். 2015இல் அதன் ஏழாம் பதிப்பு வெளிவந்தது. எனினும் முதலிரு பதிப்புக்களும் இயற்கை விஞ்ஞானங்களையும் பொறியியலையுமே கருத்திற் கொண்டன; சமூக விஞ்ஞானங்களும் மானிடவியற் கலைகளும் 1976ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலேயே இடம்பெற்றன. 1978இல் யுனெஸ்கோ தன் பொது மாநாட்டில் நிறைவேற்றிய விதப்புரை, விஞ்ஞானப் புள்ளிவிபரங்களை ஒருமுகப்படுத்தும் முயற்சியை ஏனைய நாடுகளுக்கும் விரித்தது.

பயனை அளத்தல் எத்துணைக் கடினம் என்பதை அமெரிக்காவின் இரு ஆய்வுகள் காட்டுகின்றன. பாதுகாப்புத் திணைக்களம் 20 ஆயுதத் தொகுதிகளைத் தெரிந்து, அவற்றுக்கு அடிகோலிய ஏறத்தாழ 700 ஆராய்ச்சி நிகழ்வுகளைத் தேடிற்று. குறித்த நோக்கமற்ற அடிப்படை ஆராய்ச்சியின் பங்கு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு என்பது 1966இல் வெளிவந்த அதன் முதலறிக்கையின் முடிபு. தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆதரவில் 1968இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இலத்திரன் நுணுக்குக்காட்டி, கருத்தடை மாத்திரை முதலிய ஐந்து புத்தாக்கங்களை ஆராய்ந்து, முக்கிய நிகழ்வுகளில் நூற்றுக்கு எழுபது அத்தகைய ஆராய்ச்சியே என்றது. முன்னையது ஏறத்தாழ இருபது ஆண்டுகளை மட்டுமே பின்னோக்கியது. பின்னையது ஏறத்தாழ அரை நூற்றாண்டை நோக்கியது. நோக்கும் காலம் மாறவே விடையும் மாறிற்று. ஒரு நாட்டினுள்ளேயே இந்நிலை எனின், பல நாடுகளிடையே ஒரே அளவுகோலை நாட்டுதல் எங்ஙனம் கூடும்?

1964இல் யூஜின் காபீல்ட் வெளியிடத் தொடங்கிய விஞ்ஞான மேற்கோட் சுட்டி ஓர் எளிய வழியைத் திறந்தது. கட்டுரையொன்று எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என எண்ணுவது எவர்க்கும் இலகு. ஆயின் அச்சுட்டியிற் சேர்ந்த ஏடுகளிற் பெரும்பாலானவை ஆங்கில ஏடுகள். உள்ளூர் வரலாற்றையோ மொழியையோ பற்றித் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படும் ஆய்வு, எத்துணைச் சிறப்புடையதாயினும், அக்கணக்கிற்கு எட்டுவது அரிது. எண்ணப்படாதது பயனற்றது என்ற மயக்கம் அதனால் எழுந்தது.

இம்மயக்கத்தைக் களைய எழுந்ததே அண்மைக்கால ஒத்துழைப்பு. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், ஏட்டின் தரவெண்ணைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடலாகாது என்றது. 2015இன் லெய்டன் அறிக்கை பத்து நெறிகளை முன்வைத்தது; உள்ளூர்த் தேவைக்கான ஆராய்ச்சியின் மேன்மை காக்கப்படவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2022இல் ஐரோப்பாவில் வெளியான உடன்படிக்கை, துறைசார் அறிஞரின் தீர்ப்பையே மதிப்பீட்டின் மையமாக்கியது.

பிராஸ்காற்றியில் நாடுகள் உடன்பட்டது ஓர் அளவுகோலில். லெய்டனுக்குப் பின் அறிஞர் உடன்பட்டது அளவுகோலைக் கையாளும் ஒழுக்கத்தில். முன்னையது புள்ளிவிபரவியலாளரின் வெற்றி. பின்னையது இன்னும் முற்றுப்பெறாத முயற்சி. எனினும் எந்த ஆய்வு வாழும், எந்த ஆய்வு நிதியின்றி மாளும் என்பதைத் தீர்மானிக்கப்போவது இதுவே. அளப்பதற்கு எளியதை அளந்துவிட்டு, அதுவே முழுமை எனக் கொள்ளும் சமுதாயம், தன் அறிவின் ஒரு பகுதியைத் தானே இழந்துவிடும்.