திருத்தணி

திருத்தணி, திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த மலைக்கோயில் நகரம்; முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது. சென்னையிலிருந்து சுமார் 85 கி.மீ. அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையில் ரயில் நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்து மின்சார ரயிலிலேயே வந்து சேரலாம்.

போர் முடிந்து முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை எனப் பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். அதனால்தான் கந்த சஷ்டியன்று இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, மலர் அருச்சனைதான். சன்னிதிக்கு முன்னால் மயிலை எதிர்பார்த்து வருபவர் யானையைக் காண்பார். தெய்வானையோடு வந்த ஐராவதம் என்பது ஐதீகம். அது முருகனைப் பார்க்காமல் வெளியே கிழக்கு நோக்கி நிற்கிறது.

மேலே போக வண்டிப் பாதை உண்டு. என்றாலும் காலில் தெம்புள்ளவர்கள் படியேறுவதே நல்லது. படிகள் 365, நாளுக்கொன்றாக. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழாவில், டிசம்பர் 31 அன்று படிதோறும் பூசை செய்து திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். புத்தாண்டு அவர்களுக்கு மலை மேல் பிறக்கிறது.

ஊரின் உயிரை அறிய ஆடிக் கிருத்திகைக்கு வர வேண்டும். அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் முழுக்கு, மொட்டையடித்த தலையில் குழைத்த சந்தனம், தோளில் மலர்க்காவடி. மஞ்சள் துணி கட்டிய கூட்டம் ஏற ஏற, நசுங்கிய சாமந்தியின் மணம் படியெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பூக்கடையில் விலை தமிழிலும் தெலுங்கிலும் கேட்கும். ‘அரோகரா’வுக்கு மட்டும் மொழி வேறுபாடு இல்லை.

இந்தக் காவடி கடலும் கடந்தது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. அதற்குப் பின் போன கப்பல்களிலும் திருத்தணி அப்போது அடங்கியிருந்த வட ஆர்க்காட்டு மக்கள் ஏராளம். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே தைப்பூசத்தில் காவடி எடுக்கிறார்கள். தோட்ட வாழ்வின் கொடுமையிலும் முருகனைக் கைவிடாத மக்கள் அவர்கள்.

1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டத்தோடு அதுவும் அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. மாற்றாகச் செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. எல்லைக்கோடு மாறினாலும் வட்டாரத்தின் இருமொழிப் பேச்சு மாறவில்லை. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால் தெருவெங்கும் விசைத்தறிச் சத்தம். லுங்கி நெசவுதான் அங்கே சோறு போடுகிறது.

குடியரசுத் தலைவராக இருந்த ச.இராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்தது இங்கேதான். முத்துசுவாமி தீட்சிதர் முதல் கிருதியைப் பாடியதும் இம்மலையில் என்பர்: முதியவர் வடிவில் வந்த முருகன் வாயில் கற்கண்டு இட, மாயாமாளவகௌளை ராகத்தில் பாட்டு பிறந்ததாம். ‘குருகுக’ என்ற முத்திரை அவர் பாடல்களில் நிலைத்தது.

மலையை விட்டு இறங்குபவர்களில் மிகப் பலர் நேரே பேருந்து ஏறிவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு. கீழே வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. பல்லவர் கால இறுதியில், அபராஜிதவர்மன் ஆட்சியில், 9ஆம் நூற்றாண்டில் எழுந்த கருங்கல் தளி. விமானத்தின் பின்புறம் யானையின் முதுகுபோல் வளைந்திருக்கும். இதைத் தூங்கானை மாடம் என்பார்கள். மன்னனே பாடியதாகக் கருதப்படும் வெண்பா ஒன்று அங்கே கல்வெட்டாக இருக்கிறது. திருத்தணி வருபவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி அதையும் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.