ஆடும் எலியும் பெண்ணுடலும்

ஆடுதின்னாப்பாளை என்கிற பேருக்குள்ளேயே ஒரு விலங்குச் சோதனை இருக்கிறது. ஆடு வாய் வைக்காத செடி எது என்று மேய்ப்பவருக்குத் தெரிந்திருந்தது. அதையே பூச்சிக்கும் விஷக்கடிக்கும் நாம் மருந்தாக்கிக்கொண்டோம். தாவரவியலில் இது அரிஸ்டோலோக்கியா என்னும் பேரினம். ஈசுவரமூலியும் இதில்தான் வருகிறது.

'பச்சிலைதானே, என்ன செஞ்சிடப் போகுது' என்கிற பேச்சை நம் தோழர்களிடமும் கேட்கிறேன். பன்னாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு எதிராக 'நம் மருத்துவத்தை' நிறுத்துகிற அவசரத்தில், சோதனைக்கூடம் என்பதே மேற்கின் அதிகாரக் கருவியாகச் சுருக்கப்பட்டுவிடுகிறது. வரலாறு அவ்வளவு எளிமையாக இல்லை.

இப்பேரினச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் ஜெர்மனியில் மருந்தாகப் புழங்கியது. எலிகளுக்கு அதை மூன்று மாதம் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தபோது புற்றுக்கட்டிகள் வந்தன. 1981இல் அங்கே அம்மருந்துகள் விலக்கப்பட்டன. 1982இல் ஆய்வு அச்சானது. கட்டிகள் முக்கியமாக வந்தது எலியின் முன்இரைப்பையில். மனிதருக்கு அந்த உறுப்பே கிடையாது. 'எலி வேற, மனுஷன் வேற' என்று வாதாட இதைவிட வசதி வேண்டுமா?

பதில் பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்தது. உடல் மெலிய ஒரு கிளினிக்குக்குப் போன பெண்களின் சிறுநீரகங்கள் வேகமாகச் செயலிழந்தன. 1993இல் லான்செட் இதழ் அதை வெளியிட்டது. ஸ்டெபானியா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒற்றுமையால், அரிஸ்டோலோக்கியா கலந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 100 பேருக்கு மேல். முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்று இருந்ததாக 2000இல் வந்த ஆய்வு சொன்னது. உறுப்பு மாறியிருக்கலாம், நஞ்சை எலி சரியாகத்தான் சொல்லியிருந்தது. பத்தாண்டுக்கு முன்பே எலியின் உடலில் எழுதப்பட்டதை 'இயற்கை' என்னும் சொல்லாடல் மறைத்தது. மெலிந்த பெண்ணுடலைக் கேட்கிற சந்தை, அப்பெண்களையே இரண்டாவது சோதனைக்கூடம் ஆக்கியது.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோமே என்பார்கள். குடித்ததும் வாந்தி பேதி எடுத்தால் பாட்டிக்குத் தெரியும். இருபது வருஷம் கழித்து வருகிற புற்றை எந்தச் செடியோடு அவள் முடிச்சுப் போடுவாள்? பால்கன் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் கெடுவதை மருத்துவர்கள் 1950களிலேயே பதிவு செய்தார்கள். கோதுமை வயலில் களையாக முளைத்த இதே பேரினச் செடிதான் காரணம் என்று நிலைபெற அரை நூற்றாண்டு ஆயிற்று. மெல்லக் கொல்லும் நஞ்சு அனுபவத்தின் கண்ணுக்குத் தட்டுப்படாது. மரபின் குறை என்று இதைச் சொல்லவில்லை. எந்தச் சமூகத்தின் நினைவுக்கும் உள்ள எல்லை இது.

நம் நாட்டிலோ, பழைய நூலில் உள்ளபடியே செய்கிற சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்குப் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை என்று 2010இல் விதி சேர்த்தார்கள். ஏட்டின் அதிகாரம் உடலின் சாட்சியை வெளியே நிறுத்திவிடுகிறது. சோதனை கேட்பது மேற்குக்கு அடிபணிவது ஆகாது. நம் மருத்துவத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள்தான் அதை முதலில் கேட்க வேண்டும். மருந்தை விழுங்கப் போகிறவர்கள் நம்ம சனங்கள்.