ஒரு கிலோமீட்டருக்குள்ளே ரெண்டு ஸ்டேடியம்

சர்ச்கேட்டில் இறங்கி வான்கடே ஸ்டேடியத்துக்கு நடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். பக்கத்திலேயே பிரபோர்ன் ஸ்டேடியம் இருக்கே, ஒரு கிலோமீட்டர்கூட இல்லையே, அப்புறம் எதுக்குங்க இன்னொண்ணு?

பிரபோர்ன், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியா 1937-ல் திறந்தது. டெஸ்ட் மேட்ச் நடத்துவதோ பம்பாய் கிரிக்கெட் அசோசியேஷன். மைதானம் ஒருத்தர் கையில், ஆட்டம் இன்னொருத்தர் கையில். எங்களுக்கு எத்தனை சீட்டு என்று ஓயாத தகராறு. எழுபதுகளில் அது முற்றி, அசோசியேஷன் தலைவர் வான்கடே சொந்தமாகவே ஒண்ணு கட்டிவிட்டார். தண்ணிச் சண்டையில் அதே தெருவில் இன்னொரு கிணறு வெட்டின கதைதான் :-) 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸோடு அங்கே முதல் டெஸ்ட். பிரபோர்னுக்கு 1973-க்கு அப்புறம் அடுத்த டெஸ்ட் 2009-ல்தான் கிடைத்தது.

எனக்கு உறுத்துவது இடம்தான். ஊர் அப்போதே வடக்கே வளர்ந்தாச்சு. மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று நம்ம ஜனங்கள் இருந்ததெல்லாம் அந்தப் பக்கம். தயிர்சாத டப்பாவோடு மாட்டுங்காக்காரர் தாதரில் ரயில் மாறணும், செம்பூர்க்காரர் வி.டி.யில் இறங்கி நடக்கணும். ஆனாலும் தண்டவாளத்தை ஒட்டியே கட்டினார்களே, அந்த ஒரு விஷயத்துக்குக் கும்பிடு போடலாம். கார் இல்லாதவனும் ஆட்டம் முடிந்ததும் வீடு போய்ச் சேரலாம்.

செம்பூர்க்காரர்களுக்கு விடிவு 2008-ல் வந்தது. நேருளில் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம், ஹார்பர் லைனில் ஒரே ரயில். முதல் ஐ.பி.எல். ஃபைனலே அங்கேதான் நடந்தது.