சந்திரசேகருக்கு பிஎச்.டி. எதுக்குக் கிடைச்சது?

ராஜபாளையத்துல பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிற ஒரு தங்கச்சி எனக்கு எழுதியிருந்தாங்க. வானியற்பியல்ல பிஎச்.டி. பண்ணணுமாம். வீட்ல கேக்குறது ரெண்டே கேள்வி: எத்தனை வருஷம்? அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவ?

நியாயமான கேள்விங்க. ஆனா பதிலுக்கு முன்னாடி பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு நிமிஷம் இறங்கிக்கலாம், பால்கோவாவுக்கு இல்ல. திருப்பாவையில ஆண்டாள், விடியற்காலை வானத்துல வெள்ளியும் வியாழனும் எப்படி இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்க. அந்தக் குறிப்பை வச்சு மு. இராகவையங்கார் ஆண்டாளோட காலம் எட்டாம் நூற்றாண்டுன்னு கணக்குப் போட்டார். எல்லாரும் ஒத்துக்கல. அந்த மாதிரிக் காட்சி வேற வருஷங்கள்லயும் வருமே! ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் குடைஞ்சு பார்க்கிறது. பிஎச்.டி.யும் கிட்டத்தட்ட அதுதான்.

இப்ப 1930 ஜூலை 31. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்த சுப்ரமணியன் சந்திரசேகர் பம்பாயில் கப்பல் ஏறுகிறார். வயசு 19. எம்.எஸ்சி. கிடையாது. அரசு உதவித்தொகை இருக்கு, கல்லூரியில படிக்கும்போதே வெளியான ஆய்வுக் கட்டுரையும் இருக்கு. அம்மா சீதாலட்சுமிக்கு உடம்பு சரியில்லை. போகலாமா வேண்டாமான்னு அவர் தவிச்சப்ப, போன்னு சொன்னது அம்மாதான். அடுத்த வருஷமே அம்மா இறந்துபோனாங்க. மகன் அப்போ கேம்பிரிட்ஜில் இருந்தார்.

கப்பல்ல அவர் போட்ட கணக்குதான் பின்னாடி 'சந்திரசேகர் எல்லை' ஆச்சு: ஒரு வெள்ளைக் குறுமீன் எவ்வளவு நிறை வரைக்கும் தாங்கும்னு. ஆனா பிஎச்.டி. அதுக்கு இல்லை! ஆய்வேடு வேற விஷயம்: சுழலும் வாயுக் கோளங்கள் எப்படி உருமாறும் என்பது. 1933-ல் அதற்குப் பட்டம் கிடைத்தது.

வாய்மொழித் தேர்வுல எதிரே ரெண்டு பேர். ஒருத்தர் வழிகாட்டி ஃபவுலர், இன்னொருத்தர் எடிங்டன். (வழிகாட்டியே தேர்வாளர்!) சந்திரா சொல்ற பதிலை ஒருத்தர் ஏத்துக்கிட்டா இன்னொருத்தர் மறுக்க, கடைசியில அவங்க ரெண்டு பேருமே வாதாட ஆரம்பிச்சுட்டாங்க. நேரமாச்சுன்னு ஃபவுலர் கிளம்பினதும் பரீட்சை முடிஞ்சுது. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ஃபவுலரும் எடிங்டனும் மாணவர்களா இருந்தப்ப கேம்பிரிட்ஜில் பிஎச்.டி.ன்னு ஒரு பட்டமே கிடையாது. முதல் உலகப் போருக்கு அப்புறம்தான் அங்க அது வந்துச்சு. நம்ம சந்திராவோட சித்தப்பா சர் சி.வி. ராமன் படிச்சு வாங்கினதும் எம்.ஏ. வரைக்கும்தான்.

பட்டம் அவரைக் காப்பாத்தவும் இல்ல. 1935 ஜனவரியில், லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், அதே எடிங்டன் எல்லார் முன்னாடியும் அந்த எல்லைக் கணக்கைக் கிண்டல் பண்ணினார். நோபல் வந்தது 1983-ல்.

சரி, இன்னைக்கு? யுஜிசியின் 2022 விதிப்படி எம்.எஸ்சி. வேணும், இல்லன்னா நாலு வருஷ இளங்கலையில 75 சதவீதம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் மாதிரி இடங்களுக்கு ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு இருக்கு. சேர்ந்ததும் முதல்ல பாடங்கள், அப்புறம்தான் ஆய்வு. குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு இன்னும் 2 வருஷம் நீட்டிக்கலாம். ஆய்வேட்டை வெளியாட்கள் ரெண்டு பேராவது பார்க்கணும், சந்திராவுக்கு நடந்த மாதிரி இல்ல. நெட் தேர்வுல ஜேஆர்எஃப் கிடைச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. மில் சம்பளத்தோட ஒப்பிட்டு வீட்லயே பேசிக்கட்டும்.

அந்த நிறுவனத்தோட கொடைக்கானல் ஆய்வகம், 1899-ல தொடங்கினது, உங்க ஊருக்கு வடக்கே அதே மலைத்தொடர்லதான் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. அப்புறம் எனக்கு எழுதுங்க.